ஜாவாவில் போன முதல் பத்திரிகை

அத்தியாயம் 19

கோயிலில் மூன்றாவது வாரத்துக் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது.

“பால்துரை, செல்வமணி இவர்களின் குமாரத்தி ஆஷ்லினுக்கும்…” என்று ஆயர் கணீரென்று வாசிக்கையில், பெண்ணைப் பெற்ற பால்துரை இரண்டாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்கிறவர்கள் யாராவது உண்டா என்று ஆயர் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். மின்விசிறிகள் மட்டும் கறகறவென்று பதில் சொல்லின.

தடை உண்டு என்று பால்துரைக்குத் தெரியும். அது நாரணாபுரத்தில் அவர் வீட்டுத் தகரக் கொட்டகையில், மூன்று கோட்டிங் மெரூன் பெயின்ட் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தது. எத்தனை உதைத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

1969 ஆம் வருஷத்து ஜாவா மோட்டார் சைக்கிள். பால்துரையின் கல்யாணத்தில் மாமனார் தான் ஓட்டிய வண்டியையே மனசாரத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்தவர் கண்ணை மூடிய பிறகு அதை ஓட்டத் தேவையில்லாமல் போயிற்று. பால்துரைக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. வாசலுக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். வண்டி கொட்டகைக்குப் போயிற்று. கொட்டகையில் ஏற்கெனவே கோழிகள் இருந்தன. அதற்கு மேல் நடந்தது கோழிகளின் குற்றமில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் அன்று விருந்துக்கு வந்த செல்வமணியின் ஒரே தம்பி ஜெரின், அப்பா வண்டியைப் பார்க்க ஆசையாகக் கொட்டகைக்குள் போனார். ஹேண்டில்பாரில் இரண்டு கோழி. சீட்டைக் கிழித்து, ஸ்பிரிங் நடுவே ஒரு கோழி முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. இலையில் போட்ட பிரியாணி ஆறுவதற்குள் மனிதர் விருதுநகர் பஸ் ஏறிவிட்டார். அன்றைக்குப் போனவர்தான்.

இப்போது ஆஷ்லினுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அது அவர் கையில் சேராமல் வேறு வீட்டுப் படி ஏறக் கூடாது. செல்வமணி பிறந்த வீட்டில் அப்படித்தான். ஆள் மூலம் சொல்லியனுப்பியதற்கு ஜெரினிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: “எங்கப்பா வண்டியில வந்து கூப்பிடட்டும், வாரேன்.”

தீபாவளி முடிந்து கம்பெனி அடைப்பு. பால்துரை ஒரு மாதமாகக் கொட்டகையே கதி என்று கிடந்தார். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். ஐந்நூறு பத்திரிகையும் கட்டுப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். “என்ன டீச்சர், ஓலையும் முடிஞ்சிருச்சு, பத்திரிகை எங்களுக்கெல்லாம் கெடையாதா?”

“வீட்டுக்கு வந்து வைப்போம்லா,” என்று எல்லாருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்தாள் செல்வமணி. ஆட்டோவில் ஏறியதும் அந்தச் சிரிப்பை மடித்து வைத்துவிட்டாள்.

“இங்க பாருங்க. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். வண்டி கெளம்பலைன்னா நாளைக்கு விடியவும் நான் பத்திரிகையைத் தூக்கிட்டுக் கெளம்பிருவேன். தம்பி இல்லாத கல்யாணம்னு நெனைச்சுக்கிடுறேன்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பால்துரைக்குச் சமாளிக்கத் தெரியும். இல்லை. அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. கோழிக்கு இடம் கொடுத்தது அவர். அதற்குப் பதினான்கு வருஷமாகத் தண்டனை அனுபவித்தது அவள்.

*

பதினோரு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தவர் பதினொன்றரைக்குள் நாற்பது உதை உதைத்துவிட்டார்.

ஜாவாவில் கியரும் கிக்கரும் ஒரே கம்பி. அமுக்கித் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர், இறக்கிவிட்டால் கியர். நாற்பத்தொன்றாவது உதையில் கால் வழுக்க, அது திருப்பி ஓர் உதை கொடுத்தது. பால்துரை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எதில் குறை? கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாயிற்று. ஆயில் கலந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுங்காக இறங்குகிறது. பேட்டரி புதுசு. அப்துல் ஹலீம் பாய் கடையில் சொல்லிவைத்து வாங்கிய காயில் புதுசு. பிளக் புதுசு. அதற்கு மேல், இந்த மாவட்டத்திலேயே யாரும் செய்யாத சுத்தத்தோடு அவர் இந்த வண்டியைப் பூட்டியிருந்தார்.

அந்தச் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்துரைக்குக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூம். இரும்பும் இரும்பும் உரசக் கூடாது, உரசினால் பொறி, பொறி பறந்தால் ரூமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தினம் காலையில் வேலையாட்களுக்கு அவர் சொல்கிற பாடம் இது. அவர் ரூமில் இதுவரை ஒரு பொறி பறந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு; இருக்கத்தானே செய்யும்.

அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மாறிவிடுமா? ஜாவாவுக்கும் அதே பாடம்தான். இரும்புச் சுத்தியலைத் தொடவில்லை. மரச் சுத்தியலும் பித்தளைச் சுத்தியலும்தான். இரும்பு இரும்போடு சேரும் இடத்திலெல்லாம், பட்டாசுக் குழாய் சுற்றுகிற பழுப்புக் காகிதத்தை வட்டம் வட்டமாக வெட்டி வாஷர் வைத்தார். இன்ஜின் சேஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், உட்காருகிற நாலு இடத்திலும் லாரி டியூப் ரப்பரை வெட்டி மெத்தை போட்டார். ஒரு நட்டு கிறீச்சென்று சத்தம் போடாது. பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொரு வாஷரையும் தொட்டுக் காட்டினார்.

“அப்பா.” ஆஷ்லின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்துக்காக லீவில் வந்திருக்கிறாள். “சும்மா உதைச்சுக்கிட்டே இருந்தா எப்படிப்பா? மொதல்ல பல்ஸ் இருக்கான்னு பாக்கணும். பிளக்கைக் கழட்டி வெளியில வச்சு உதைங்க. பொறி வருதான்னு பாப்போம்.”

பால்துரை அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“பொறியா?”

“பொறி வந்தாத்தானப்பா பெட்ரோல் பிடிக்கும். பிடிச்சாத்தான வண்டி ஓடும்.”

அது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் இன்ஜினுக்குள்ளே எங்கோ கண்ணுக்கு மறைவாக நடக்கிற காரியம் வேறு. வேண்டுமென்றே கண்ணுக்கு முன்னால் பொறி பறக்கவிட்டு, வந்ததா வந்ததா என்று ஆசையாகப் பார்ப்பது வேறு. ஒரு மாதமாக இந்தச் சோதனையை மட்டும் அவர் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்.

“சரி,” என்றார். “ஆனா மொறையாச் செய்யணும்.”

முறை என்றால் இதுதான்: பெட்ரோல் கேன் தெருக்கோடிக்குப் போயிற்று. டேங்கைக் கழற்றி முன்னறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கொட்டகைத் தரை முழுக்க இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாளி மணல் வலப்பக்கம். நனைத்த சாக்கு இடப்பக்கம். சட்டைப்பையில் இருந்த செல்போனை எடுத்து மகளிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கையையும் ஈரத் தரையில் ஒருதரம் அழுத்தி எழுந்தார்.

ஆஷ்லின் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கறிக்குழம்பைப் பாதியில் விட்டு, கையில் கரண்டியோடு செல்வமணியும் வந்து நின்றாள்.

பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் தலை மேல் படுக்கவைத்து உதைத்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. மூன்று, நாலு, ஐந்து.

பொறி இல்லை.

அப்பாடா என்று இருந்தது பால்துரைக்கு. உண்மையைச் சொல்ல வேண்டுமே, அந்த நிமிஷம் அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தன் கொட்டகையிலும் பொறி பறக்கவில்லை. பிறகு நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். குழம்பு சொட்டுகிற கரண்டியைப் பிடித்தபடி அவள் அந்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பெற்ற நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“முடியலை செல்வி,” என்றார். “என் கைக்கு இது வராது போல. எல்லாம் புதுசு, எல்லாம் சரியா இருக்கு. எங்கன தப்புன்னு தெரியலை.”

செல்வமணி கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இருபது வருஷமாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். தெரியாத பிள்ளையிடம் கேள்வி கேட்டே பாடத்தை வாங்கிவிடுகிற வித்தை அவளுக்குத் தெரியும்.

“பேட்டரியில இருந்து கரண்டு எங்கன போகுது?”

“காயிலுக்கு.”

“பொறவு?”

“காயில்ல இருந்து பாயின்ட்டுக்கு ஒரு வயர். பிளக்குக்கு ஒரு வயர். அது ரெண்டும் இன்ஜின்ல.”

“இன்ஜினுக்கு வந்திருச்சு. சரி. மறுபடி பேட்டரிக்கு எந்த வழியாத் திரும்பும்?”

“எர்த்துதான். இன்ஜின் இரும்பு வழியா சேஸுக்குப் போகும். சேஸ்ல இருந்து இந்தா, இந்த வயர் பேட்டரிக்கு.”

“இன்ஜின் சேஸைத் தொட்டுக்கிட்டு இருக்கா?”

“தொடாம? அதுலதான உக்காந்து…”

பால்துரையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இன்ஜினின் அடியில் அவரே வெட்டிப் போட்ட ரப்பர் மெத்தை தெரிந்தது. ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் பழுப்புக் காகித வாஷர். போதாததற்கு மூன்று கோட்டிங் மெரூன்.

கம்பெனியில் மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கிப்போக, அதில் கையை வைத்துவிட்டுத்தான் எவரும் உள்ளே போக வேண்டும். தகட்டைத் தொடாமல் வந்தவர்களை எத்தனை தடவை அவர் பிலுபிலுவென்று பிடித்திருக்கிறார். இந்த இன்ஜினுக்கு மட்டும் தொடுவதற்கு ஓர் இடம் வைக்கவில்லை. எர்த் என்றால் என்ன என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர், தன் வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“எம்புட்டு இடத்துல பேப்பர் வச்சிருக்கீக?” செல்வமணி மெதுவாகக் கேட்டாள்.

“எல்லா இடத்துலயும்தான்.”

முதலில் சிரித்தது ஆஷ்லின். செல்வமணி முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பால்துரைக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் அவள் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றும் இருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க நேரமில்லை. இன்ஜினில் ஒரு போல்ட், சேஸில் ஒரு போல்ட், நடுவே ஒரு தடித்த செம்பு வயர், அது போதும். ஆனால் இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டும். அரத்தை எடுத்தார். இரும்பில் இரும்பு பட்டுக் கரகரவென்று சத்தம் எழுந்ததும் அவருக்குப் பல் கூசியது. கண்ணை இடுக்கிக்கொண்டு ராவினார். மூன்று நாள் வெயிலில் காயவைத்த பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

வயரை முடுக்கி, பிளக்கைப் படுக்கவைத்து, உதைத்தார்.

சட்டென்று ஒரு நீலப் பொறி.

அடுத்த நொடியில் நடந்ததற்குப் பால்துரை பொறுப்பில்லை. அவர் கைதான் பொறுப்பு. நனைத்த சாக்கு பறந்துவந்து இன்ஜின் மேல் விழுந்தது. அதன் மேல் ஒரு வாளி மணல்.

மணல் சரசரவென்று ஈரத் தரையில் சரிந்தது.

“வந்திருச்சுப்பா,” என்றாள் ஆஷ்லின். “அமத்திட்டீக.”

*

அப்புறம் இரண்டு மணி நேரம் மணலைத் துடைப்பதில் போயிற்று. நல்ல வேளையாக பிளக் ஓட்டைக்குள் மணல் போகாமல் சாக்கு காப்பாற்றியிருந்தது. ஆஷ்லின் கல்யாணத்துக்கு வாங்கிவைத்திருந்த, முடி உலர்த்துகிற மிஷினைக் கொண்டுவந்து காயிலுக்கும் வயருக்கும் சூடான காற்று அடித்தாள். செல்வமணி பெயின்ட் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தட்டினாள். கறிக்குழம்பைக் கொட்டகையிலேயே தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள். வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குடும்பம் அவ்வளவு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

டேங்கைப் பூட்டி, பெட்ரோலைத் திறந்து, பால்துரை கிக்கரை நிமிர்த்தினார். ஐந்து உதைக்கு இருமியது. ஆறாவதுக்கு ஒரு வெடி வெடித்தது. அவர் துள்ளிவிட்டார், ஆனால் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டார். ஏழாவதில் பிடித்துக்கொண்டது. டுப், டுப், டுப் என்று தாளம் தப்பாமல் ஓடியது. இரண்டு சைலன்சரிலிருந்தும் வெள்ளைப் புகை கிளம்பிக் கொட்டகையை நிரப்பியது. தெருவில் நாய்கள் எழுந்து நின்றன.

செல்வமணி மூக்கை மூடவில்லை. புகைக்கு நடுவில் அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

“எங்கப்பா தெரு திரும்பும்போதே இந்தச் சத்தம் கேக்கும்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மணி மூன்றரை. பால்துரை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செல்வமணி பீரோ மேலிருந்த கட்டை முதல்முறையாகப் பிரித்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். பழத்தோடு பையில் வைத்து நீட்டியவள், பையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“ஒண்ணு சொல்லணும். பத்திரிகையில அவன் பேரு இல்லை.”

“என்னது?”

“தாய்மாமன்னு போட்டு அவன் பேரு இருந்துச்சுல்லா? புரூப் வந்த அன்னைக்குத்தான் அவன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டிருந்தான். வண்டியில வந்தாத்தான் வருவானாம். அக்காவை விட வண்டி பெருசாப் போச்சான்னு கோவத்துல நாந்தான் பேரு மேல கோடு அடிச்சுவிட்டேன். மறுநாளே மனசு கேக்கலை. அதுக்குள்ள ஐந்நூறும் ஓடிருச்சு.”

பால்துரை பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு வீட்டுச் சித்தப்பா பெரியப்பா முதல் மாப்பிள்ளை சாலமன்ராஜின் அக்கா மகன் வரைக்கும் இருந்தார்கள்.

“கவர்ல போட்டுக் குடுத்துருவோம். அவன் என்ன, அங்கனயே பிரிச்சா பாக்கப் போறான்?”

“தமிழ் வாத்தியாருங்க அவன். மிட்டாய் சுத்தின பேப்பரையும் எழுத்து விடாமப் படிப்பான்.”

*

சிவகாசியைத் தாண்டி, திருத்தங்கல் தாண்டி, ஆமத்தூர் வரைக்கும் ஜாவா ஒரு குறையும் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் வெயில் சாய்ந்து கிடந்தது. சிக்னலில் நின்றால் புது பைக்கில் வந்தவர்கள் எட்டிப் பார்த்து, என்ன மாடல் என்று கேட்டார்கள். வேறு நாளாக இருந்தால் பால்துரை வாஷர் கதை உட்பட எல்லாம் சொல்லியிருப்பார். இன்று முன்னால் கொக்கியில் ஆடுகிற பையின் மேலேயே கண் இருந்தது. வண்டி நின்றுவிடுமோ என்ற பயம் போய், வண்டி போய்ச் சேர்ந்துவிடுமே என்ற பயம் வந்திருந்தது.

விருதுநகரில் ஜெரின் வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஐந்து மணி. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி நின்றார்.

கதவு திறந்தது. கைலியும் பனியனுமாக ஜெரின். விரலிடுக்கில் சிவப்பு மைப் பேனா. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. பால்துரை மனதில் வைத்திருந்தது கறுத்த முடிக்காரரை.

ஜெரின் வாங்க என்று சொல்லவில்லை. படியிறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். போல்ட்டில் நீட்டிக்கொண்டிருந்த பழுப்புக் காகிதத்தை விரலால் நெருடினார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு அவரே சாவியைத் திருப்பி அணைத்தார்.

“காலையில ஆயர் ஓலை வாசிக்காக,” என்றார் ஜெரின். “பொண்ணோட அப்பா குனிஞ்சு நகத்தைச் சுரண்டிக்கிட்டு இருக்கீக.”

பால்துரைக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

“நீங்க வந்திருந்தீகளா?”

“மூணு வாரமும் வந்தேன். கடைசி பெஞ்சு. ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடி எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிருவேன்.”

“முன்னால வந்து உக்கார வேண்டியதுதான மச்சான்?”

“யாரு கூப்பிட்டா?”

வண்டியில் வந்து கூப்பிடு என்று சொன்னவர், கூப்பிடாமலே மூன்று தரம் பஸ் ஏறி வந்திருக்கிறார். வீம்பு பிடித்த மனுஷன் என்று இத்தனை நாள் நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பையைத் திறந்து, பழத்தின் மேல் பத்திரிகையை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“உங்க மருமக கல்யாணம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். இதுதான் மொதப் பத்திரிகை. உங்களுக்குக் குடுக்காம ஒரு வீட்டுக்கும் குடுக்கலை.”

ஜெரின் வாங்கிக்கொண்டார். பழத்தைப் படியில் வைத்தார். செல்வமணி சொன்னது சரி. அங்கேயே கவரைப் பிரித்தார். தலைப்பு வசனத்திலிருந்து ஆரம்பித்தார். பேனா முனை வரி வரியாக இறங்கியது. பால்துரை ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பேனா ஓர் இடத்தில் நின்றது. மேலே போயிற்று. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

“எல்லாரும் இருக்காக,” என்றார் ஜெரின். “யாரு விட்டது?”

உள்ளதைச் சொல்லலாம். அக்காவுக்கு அன்றைக்குக் கோபம் என்று ஒரு வரி சொன்னால் தன் தலை தப்பும். ஆனால் புகைக்கு நடுவில் நின்ற செல்வமணியின் முகம் நினைவுக்கு வந்தது. பதினான்கு வருஷம் கழித்துத் தம்பி அக்காவைப் பார்க்க வரும்போது, நடுவில் இந்த ஒரு கோடு கிடக்கக் கூடாது. கோழிக் கேஸில் ஏற்கெனவே மாட்டின ஆள் அவர். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?

“நாந்தான்,” என்றார் பால்துரை. “நீங்க சொல்லிவிட்டதுல எனக்கு ஒரு கோவம். புரூப்ல நாந்தான் அடிச்சேன். செல்வி எம்புட்டோ சொன்னா, கேக்கலை. தப்புதான் மச்சான்.”

ஜெரின் அவரை நிமிர்ந்து பார்த்தார். பரீட்சை ஹாலில் பையன்களைப் பார்க்கிற பார்வை. பால்துரை கணுக்கால் வலிக்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

பத்திரிகையைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து, விட்டுப்போன இடத்தில் சிறு கூரைபோல் ஒரு குறி போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் அழுத்தி எழுதினார் ஜெரின். தாய்மாமன் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். பட்டத்தைக்கூட விடவில்லை. எழுதியதை ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டு பேனாவை மூடினார்.

“அச்சாபீஸ் ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?”

“காலண்டர் சீசன்லா. ராப்பகலா ஓடும்.”

“ஐந்நூறுதான? நாளைக்குக் காலையில குடுத்துருவாகளா?”

“சிவகாசியில அதைக் கேக்கலாமா?”

ஜெரின் உள்ளே போனார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது கையில் அந்தப் பத்திரிகை மட்டும் இருந்தது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பால்துரை கிக்கரை நிமிர்த்தி, மனசுக்குள் சின்ன ஜெபம் ஒன்றைச் சொல்லிவிட்டு, உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அவர் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தெருமுனை திரும்புகையில் காதோரம் குரல் கேட்டது.

“அத்தான், பேரை அடிச்சது அக்காதான?”

பால்துரை ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கினார்.

“என்ன மச்சான்? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.”

ஜெரின் மறுபடி கேட்கவில்லை. அவர் கை பால்துரையின் தோளில் வந்து விழுந்தது. பள்ளத்துக்காகப் பிடித்ததா, வேறு எதற்காகவோ, பிடித்த பிடி தளரவில்லை.

ஜெரின் இங்கே விட்டுவிடுவார், வீட்டில் விட மாட்டார். முதல் கேள்வியே அக்காவிடம்தான் போகும். நாரணாபுரத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. அதற்குள், பின்னால் தோளைப் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல், பேரை அடித்தது தன் புருஷன்தான் என்று தம்பியிடம் சொல்லும்படி செல்வமணிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது பால்துரைக்கு.